தலைமதகு முதல் கடைமடை வரை: தாமிரபரணிக் கரையோரம்

ஜனவரி 24, சனி. பாபநாசம்

தை பிறந்து பத்து நாளாகியும் பொதிகைமேல் மேகம் கலையவில்லை. படித்துறையில் வெயிலும் தூறலும் மாறி மாறி அடித்தன. சனிக்கிழமைக் கூட்டம். குளித்துக் கரையேறியவர்களில் பாதிப் பேர் உடுத்தி வந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போனார்கள். பரிகாரமாம். வேட்டியும் சேலையும் சுருண்டு சுருண்டு கீழே போய்க்கொண்டிருந்தன. அவை எங்கே போய்ச் சேரும் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவை போய்ச் சேரும் இடம் மதகு. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உண்டு: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். முதல் ஏழும் வெள்ளைக்காரர் ஆட்சிக்கு முந்தியவை. கடைசியது மட்டும் 1873-இல் கட்டி முடித்தது. இவற்றிலிருந்து பதினோரு கால்வாய்கள் பிரிகின்றன, பாசனம் 86,107 ஏக்கர். தண்ணீரைச் சேர்த்து வைக்கிற வேலை மேலே 143 அடி பாபநாசம் அணைக்கும், 156 அடி சேர்வலாறுக்கும், 118 அடி மணிமுத்தாறுக்கும்தான். கீழே உள்ள எட்டும் எதையும் சேர்த்து வைப்பதில்லை. ஓடுகிற ஆற்றின் மட்டத்தைச் சில அடி உயர்த்திக் கரையோர மதகின் வாயில் கொண்டுபோய் நிறுத்தும், அவ்வளவுதான். மேட்டூர் மாதிரி ஒன்றை நினைத்து வருகிறவர்களுக்கு ஒரு தாழ்ந்த கல்வரிசையும் அதன்மேல் வழிகிற தண்ணீரும்தான் கிடைக்கும்.

வடக்கே பக்கிங்காம் கால்வாயில் படகை ஏற்றி இறக்க இரட்டைக் கதவுகள் வைத்திருந்தார்கள். இங்கே படகுப் பேச்சே கிடையாது. கதவு முழுக்க வயலுக்காக.

கீழே ஒரு மதகில், ஷட்டருக்கு முன்னால் இருக்கும் கம்பித் தடுப்பில் துணிகள் ஈரப்பொதியாக அப்பிக் கிடந்தன. முனையில் இரும்புக் கொக்கி மாட்டிய நீள மூங்கிலால் லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் ஊழியர்) ஒருவர் அவற்றை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். தடுப்பைத் தாண்டிய துணி நேராக ஷட்டரின் அடி விளிம்பில் போய் மாட்டும். ஷட்டர் தரையில் உட்காராமல் ஓர் அங்குலம் தூக்கி நிற்கும். அந்த நேரத்தில் மேலே நின்று சக்கரத்தை முரட்டுத்தனமாகச் சுற்றினால் கீழே இருக்கிற துணி நசுங்காது, நடுவில் இருக்கிற திருகு தண்டுதான் வளையும். வளைந்த தண்டு பிறகு மரையில் ஏறாது. ஷட்டர் அரைகுறையாகவே நிற்கும், கழற்றிப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கால்வாய் மராமத்தில் இப்படி வீணாகிற தண்டுகள் துருப்பிடித்துக் கெடுவதைவிட அதிகம் என்றே தோன்றுகிறது.

"இறங்காத ஷட்டரை அமுக்கப்படாது அண்ணாச்சி. ரெண்டு சுத்து மேல ஏத்திவிட்டா தண்ணியே சீவி இழுத்துட்டுப் போயிரும். அப்புறம் இறக்குனா பூப்போல உக்காரும்" என்றார் லஸ்கர். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் கிரீஸ் வைத்திருந்தார். திருகில் தடவும் முன் பழைய கிரீஸை மண்ணோடு வழித்தெடுத்துவிட்டுத்தான் புதிதைப் பூசினார். மண் கலந்த கிரீஸ் மரையை அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

விக்கிரமசிங்கபுரம் டீக்கடையில் டீ பதினைந்து ரூபாய், உளுந்த வடை பத்து. "வடை சூடா இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்று தட்டை நம் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை எடுத்தோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். எண்ணிப் பார்க்கிற வழக்கமில்லை.

ஜனவரி 25, ஞாயிறு. கல்லிடைக்குறிச்சி, கன்னடியன், பத்தமடை

காலையிலேயே தூறல். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடுகளில் ஒரே பதற்றம். காயப்போட்ட அப்பளத்தை முறத்தோடு தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதும், வெயில் எட்டிப் பார்த்ததும் மறுபடி கொண்டுவந்து பரப்புவதுமாக இருந்தார்கள். அரைகுறையாகக் காய்ந்து ஓரம் சுருங்கிய அப்பளம் பொரித்தால் நடுவில் வேகாமல் கிடக்குமாம். அதைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறார்கள்.

கன்னடியன் கால்வாய்க்கு 12,500 ஏக்கர் பாசனம். திருநெல்வேலி மாவட்டத்துக் கால்வாய்களில் இதுதான் பெரியது. அடுத்தது பாளையங்கால்வாய், 9,500. கோடைமேலழகியானின் வடகாலும் தென்காலும் நதியுண்ணியும் சேர்ந்தால்கூட ஆறாயிரத்தைத் தொடாது.

கன்னட நாட்டு இளவரசன் ஒருவன் அகத்தியர் சொன்னபடி ஒரு பசுவின் பின்னால் நடந்தான் என்பது ஊர்க்கதை. பசு போன வழியெல்லாம் கால்வாய், படுத்த இடத்தில் குளம், கோமியம் விட்ட இடத்தில் மடை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் மாடு நேர்ச்சரிவில் ஏறாது இறங்காது, மேட்டைச் சுற்றிக்கொண்டு ஒரே மட்டத்தில்தான் போகும். பாசனக் கால்வாய் வெட்டுகிறவனும் அதைத்தான் தேடுகிறான். ஆற்றின் சரிவைவிடக் கால்வாயின் சரிவு மிகக் குறைவு. அதனால் போகப்போக ஆறு தாழ்ந்துகொண்டே போக, கால்வாய் மேட்டு விளிம்பிலேயே நிற்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலம்தான் பத்து. கால்வாய்த் தண்ணீர் பத்தில் பாய்ந்து, வடிந்து, மறுபடி ஆற்றிலேயே சேரும். அடுத்த அணைக்கட்டு அந்த வடிநீரையும் பிடித்துக்கொள்ளும்.

இந்த ஆற்றில் ஒவ்வோர் அணைக்கட்டையும் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. வரிசையில் அது எத்தனையாவது என்பதுதான் சங்கதி. பழைய கல்லணைகள் ஒழுகும். கல்லுக்குக் கல் இடுக்கில் தண்ணீர் கசிந்து கீழே போகும். மேலே உள்ளவனுக்கு அது நஷ்டம், கீழே உள்ளவனுக்கு அதுதான் கோடைத் தண்ணீர். மேலணையில் இடுக்கெல்லாம் சிமெண்ட் பூசி அடைத்தால், மூன்று ஊர் தள்ளி யாரோ ஒருவருடைய நாற்று வாடும்.

மணல்தான் மதகின் முதல் எதிரி. வெள்ளக் காலத்தில் மணல் ஆற்றின் அடியோடு உருண்டு வரும், மேல்தண்ணீரில் வண்டல் மட்டும்தான் இருக்கும். அதனால் கால்வாய்த் தலைமதகின் படியைச் சற்று உயர்த்தியும், பக்கத்தில் மணல்போக்கி மதகின் படியைத் தாழ்த்தியும் வைப்பது முறை. வெள்ளம் ஏறும்போது தலைமதகை மூடிவிட்டு மணல்போக்கியைத் திறக்க வேண்டும். மதகு வாயில் படிந்த மணலை ஆறே அள்ளிக்கொண்டு போய்விடும். வெள்ளம் இறங்கிய பின் மணல்போக்கியை மூடித் தலைமதகைத் திறக்க வேண்டும். ராத்திரி ஆள் இல்லாமல் இரண்டும் திறந்தே கிடந்தால் கால்வாய்த் தலைப்பில் மணல்மேடு போட்டுவிடும். அதைப் பிறகு ஜேசிபி வைத்துத்தான் வார வேண்டும்.

இன்னொரு விஷயம், 'நேற்று திறந்த அளவுதான் இன்றைக்கும் திறந்திருக்கிறது, தண்ணீர் ஏன் குறைந்தது?' என்ற சண்டை. ஷட்டருக்கு அடியில் பாயும் தண்ணீர் திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் மட்டும் பொறுத்ததல்ல. முன்னும் பின்னும் உள்ள மட்ட வித்தியாசத்தையும் பொறுத்தது, அதுவும் அதன் வர்க்கமூலக் கணக்கில். மட்ட வித்தியாசம் நான்கு அடியிலிருந்து ஒரு அடிக்கு இறங்கினால் அதே திறப்பில் பாதித் தண்ணீர்தான் வரும். சுவரில் அடி, அங்குலம் எழுதிய அளவுகோலை இரண்டு பக்கமும் பார்த்தால்தான் கணக்குப் புரியும். பல இடங்களில் பாசி படர்ந்து எண்ணே தெரியவில்லை. ஒரு கைப்பிடி தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் போதும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

வெள்ளாங்குழியருகே கன்னடியனிலிருந்து புதிய வெள்ளநீர்க் கால்வாய் பிரிகிறது. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு மூன்றையும் இணைத்துச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுக்குப் போகிற 75 கிலோமீட்டர் கால்வாய். 2009-இல் தொடங்கிய வேலை, 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். கடலுக்குப் போகிற உபரியை மட்டும் எடுப்பது என்று திட்டம். எது உபரி என்று முடிவு செய்கிறவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள் கீழ்க்கால் விவசாயிகள்.

மதியம் ஒரு மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமைச் சொதி. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கூடவே இஞ்சித் துவையல், கல்லிடை அப்பளம், நூற்றிருபது ரூபாய். முதல் பாலை இறக்கும்போதுதான் ஊற்ற வேண்டும், கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். இங்கே திரியவில்லை. பரிமாறிய அம்மா, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்திக்கிடுங்க, மிஞ்சுனா நான் வீட்டுக்கா கொண்டு போகப் போறேன்" என்று இலையிலிருந்து கையை எடுக்கவிடவில்லை.

பத்தமடையில் பாய் நெசவு ஞாயிறன்றும் நடந்தது. ஆற்றங்கரைக் கோரையைக் கீறிக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து மெல்லிய இழையாக்குகிறார்கள். தேங்கின தண்ணீரில் ஊறினால் நிறம் கறுத்துவிடுமாம். ஆகவே மதகு மூடுகிற தேதி இவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 26, திங்கள். சுத்தமல்லி, திருநெல்வேலி டவுண்

குடியரசு தின விடுமுறை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து இடப்பக்கம் பிரிவதுதான் நெல்லைக் கால்வாய், 6,410 ஏக்கர். தலைப்பில் தெளிவான தண்ணீர். அதே தண்ணீர் டவுணுக்குள் நுழைந்து நயினார்குளம் போய்ச் சேரும்போது அடையாளம் தெரியாது. பிளாஸ்டிக், சாக்கடை, அதன்மேல் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை. அமலையை மேலோட்டமாக வாரினால் பதினைந்து நாளில் திரும்ப வந்துவிடும். வேரோடு கரையேற்றி, தண்ணீர் தொடாத தூரத்தில் குவித்துக் காயவிட வேண்டும். கரையிலேயே குவித்தால் ஒரு மழை போதும், உருண்டு உள்ளே போய்விடும். நாம் பார்த்த இடத்தில் கரையிலேயேதான் குவித்திருந்தார்கள்.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் உற்சவரை மேலே கொண்டுபோய்விட்டு மூலவரை ஆற்றோடு விட்டுவிடுவார்கள். ஆறு வருகிற பக்கத்துச் சுவர் படகின் முனையாகக் கூர்த்து நிற்கிறது. பாலத்தூண்களுக்கு இன்றைக்கும் வைக்கிற அதே ஏற்பாடு. தண்ணீர் முட்டி மோதாமல் இரண்டாகப் பிரிந்து போகும், அடியில் மண் அரிப்பது குறையும்.

கோயிலிலிருந்து திரும்புகையில் சேற்றில் செருப்பு வார் அறுந்தது. தைத்துக் கொடுத்தவர் இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு, இன்னொரு செருப்பின் வாரையும் கேட்காமலே இரண்டு தையல் போட்டுக் கொடுத்தார். டவுணில் அல்வா வாங்க நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடையில் வாங்கியாயிற்று. இலையில் வைத்த நூறு கிராம் அல்வா, நெய் கையில் வழிந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 27, செவ்வாய். மருதூர்

தைப்பூசம் நெருங்குகிறது. திருச்செந்தூர் சாலை நெடுகப் பச்சை உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம். பேருந்து நடைவேகத்தில்தான் போயிற்று. செய்துங்கநல்லூர் வருவதற்குள் ஒரு டயரும் பஞ்சர். மாற்றுகிறவரை பயணிகள் சாலையோர அன்னதானப் பந்தலில் உட்கார்ந்து சுக்குக்காப்பி குடித்தார்கள். நடக்கிறவர்களுக்கு வைத்திருந்தது, பேருந்தில் வந்தவர்களையும் விடவில்லை. வேகவைத்த பனங்கிழங்கு ஒரு கட்டு அறுபது ரூபாய். நாரை உரித்து நடுத்தண்டை எடுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் பல்லிடுக்கில் மாட்டும்.

மருதூர் அணைக்கட்டு எட்டில் நீளமானது, நாலாயிரம் அடியைத் தொடும். ஆற்றின் அகலம் அவ்வளவு இல்லை. குறுக்கே நேராகக் கட்டாமல் லாடமாக வளைத்துக் கட்டியதால் வந்த நீளம். அதன் பயன் பெரிது. ஒரே வெள்ளம் 1,000 அடி நீளச் சுவரில் வழிவதைவிட 4,000 அடிச் சுவரில் வழியும்போது, சுவரின்மேல் தண்ணீர் நிற்கும் உயரம் வெகுவாகக் குறையும். மேல்பக்கத்து வயல்கள் மூழ்காது. சுவரைத் தள்ளுகிற விசையும் ஒரே இடத்தில் விழாமல் பரவும். பழைய ஆட்கள் கணக்குப் போட்டார்களோ, பாறை கிடந்த வழியில் கல்லை அடுக்கினார்களோ, வேலை செய்கிறது.

இங்கிருந்து மேலக்கால் 12,762 ஏக்கர், கீழக்கால் 7,785 ஏக்கர். பிசானப் பருவத்து நெல் பால் பிடித்து நின்றது. இந்த வாரங்கள்தான் நெருக்கடி. கதிர் வெளிவந்து பால் பிடிக்கிறவரை வயல் காயக்கூடாது. அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால் தண்ணீரை வடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அறுவடை இயந்திரம் சேற்றில் புதையும். கால்வாயின் மேல்பகுதியில் நட்டவர்கள் முந்தி மடையை அடைப்பார்கள். அந்தத் தண்ணீரை நம்பித்தான் கடைமடைக்காரர் பிந்தி நடுகிறார்.

கரையில் ஒரு பெரியவர் வயல்மடையைப் பலகை போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வரிசைப் பலகை, நடுவில் வைக்கோல் பிசைந்த களிமண். ஒற்றைப் பலகையில் மண்ணைச் சாத்தினால் ராத்திரிக்குள் கரைந்துவிடும். நடுவில் அடைபட்ட களிமண் ஊறி உப்பி இடுக்கை மூடிக்கொள்ளும். "இதுக்கு எதுக்கு அண்ணாச்சி சிமெண்ட்டு? நாளைக்கு தொறக்கணும்லா" என்றார்.

ஜனவரி 28, புதன். ஸ்ரீவைகுண்டம், கோரம்பள்ளம்

எட்டாவது அணைக்கட்டு. மேலேயே பாலம் போகிறது. நடுவில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் நிறைந்த நீர், மறுபக்கம் பாறையும் நாணலும். வடகாலும் தென்காலும் சேர்ந்து 25,560 ஏக்கர். மருதூரையும் கூட்டினால் தூத்துக்குடி மாவட்டத்துக்கு 46,107 ஏக்கர், 53 குளங்கள். அதாவது பாதிக்கு மேற்பட்ட நிலம் வரிசையின் கடைசி இரண்டு அணைகளில் தொங்குகிறது.

கடைசியில் இருப்பதால் மேலே உள்ள ஏழும் கழுவிவிட்ட மணலும் வண்டலும் இங்கே வந்து சேரும். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய் 2015-இல் தூர்வாரினார்கள். வாரிய பின்னும் மேல்பக்கத்தில் திட்டுகள் தெரிகின்றன.

கணக்கு ஒன்று. ஒரு கன அடித் திறப்பு என்றால் விநாடிக்கு ஒரு கன அடி, அதாவது 28.3 லிட்டர். ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, ஏக்கர் 43,560 சதுர அடி. ஆக ஒரு கன அடித் தண்ணீர் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு ஏக்கரை ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பும். வழியில் கால்வாய் குடிப்பது போக. 'இத்தனை கன அடி திறப்பு' என்று பேப்பரில் வருவதை இனி ஏக்கராக மாற்றிப் படிக்கலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைப் பற்றிக் கேட்காமலே பேசுகிறார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு எண்ணூறு பேர் மாட்டிக்கொண்டார்கள். மலையில் பெய்தால் அணையில் பிடிக்கலாம், மதகை மூடிக் கால்வாயைக் காப்பாற்றலாம். அந்த மழை கால்வாய்க்கும் குளத்துக்கும் நேர்மேலேயே பெய்தது. எந்த மதகை மூடினாலும் குளம் தன்பாட்டுக்கு நிறைந்தது. மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமாகக் கீழ்க்குளத்தின் கரையில் போய் மோதும், அது அடுத்ததில். சங்கிலியாய்ப் போனது அப்படித்தான்.

வடகாலின் கடைசி கோரம்பள்ளம் குளம், தூத்துக்குடி வாசலில். இங்கே வேலை தலைகீழ். தலைமதகு ஆற்றை உள்ளே எடுப்பதற்கு, இங்கே உள்ள 24 கண் மதகு மிஞ்சியதை உப்பாற்று ஓடை வழியே கடலுக்கு வெளியேற்றுவதற்கு. வருஷத்தில் பெரும்பகுதி சும்மா நிற்கிற ஷட்டர்கள் இவை. சும்மா நிற்பதுதான் ஆபத்து. அசையாத ஷட்டர், தான் ஏறி இறங்கும் பள்ளமான காடியில் துருவால் ஒட்டிக்கொள்ளும், அடியில் சேறு இறுகும், வேண்டிய ராத்திரியில் வராது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒவ்வொன்றையும் முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்து, காடியைச் சுரண்டிக் கிரீஸ் போட்டு, கரண்ட் இல்லாமல் கையால் சுற்றவும் ஆள் வைத்திருக்க வேண்டும். 2023-இல் உடைந்ததும் இந்தக் குளத்தின் கரைதான்.

குளத்துக் கரையில் நின்றவர் ஒருவர் சொன்னார்: "மேல எல்லாரும் குடிச்சு மிச்சம் வைக்கதுதான் எங்களுக்கு. வெள்ளம்னா மட்டும் முழுசா வந்துரும்."

வெயில் நன்றாக ஏறிவிட்டது. தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தது.

போகிறவர்களுக்கு: கால்வாயில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கக் கார்த்திகை முதல் மாசி வரை. பிசானத் தண்ணீர் வழக்கமாக மார்ச் 31-உடன் நிற்கும். கல்வரிசையின் அடித்தளம், மணல்போக்கியின் படி, தண்டு கழற்றிய ஷட்டர் இவற்றைப் பார்க்க வேண்டுமானால் சித்திரை, வைகாசி. மராமத்து அப்போதுதான் நடக்கும். மதகு மேடையில் ஏறுமுன் லஸ்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், சக்கரத்தில் கை வைக்க வேண்டாம். வடை தின்னாலும் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லிவிடுங்கள்.